ஹீல்: எங்கே குதி, எங்கே வேறு சொல்?

நண்பர்களுக்கு,

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது 'ஹீல்' (heel, குதிகால்) வரும் இடத்திலெல்லாம் 'குதி' என்றே போட்டுவிடலாம், சின்னச் சொல், ஒட்டு சேர்க்கவும் வசதி என்ற உங்கள் யோசனையைப் படித்தேன். பாதி இடங்களில் ஒத்துக்கொள்கிறேன். மீதியில் வம்பு வரும்.

வம்பிலிருந்தே தொடங்குகிறேன். கப்பல் ஒரு பக்கம் சாய்வதையும் ஆங்கிலத்தில் ஹீல் என்கிறார்கள். அதற்கும் காலுக்கும் உறவே கிடையாது. சாய்தலைக் குறித்த பழைய ஆங்கில வினைச்சொல் ஒன்றின் கடைசி டகர ஒலி தேய்ந்துபோக, அது குதிகாலைக் குறிக்கும் சொல்லோடு ஒன்றாகிவிட்டது. அங்கே 'குதிக் கோணம்' என்று எழுதினால் கப்பல் குதிப்பதாகத்தான் படிப்பார்கள். (நானே ஒருமுறை எழுதி, திருத்தியவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) சரி, 'சாய்வு' போதுமா? போதாது. சரக்கை ஒரு பக்கமாக ஏற்றியதால் வரும் சாய்வுக்கு 'லிஸ்ட்' என்று தனிப்பெயர் உண்டு. காற்று தள்ளியோ வேகமாகத் திரும்பும்போதோ சாய்வதுதான் ஹீல். முன்னதற்குப் 'பாரச்சாய்வு', பின்னதற்கு 'ஒருக்களிப்பு' என்பது என் பரிந்துரை. ஒருக்களித்துப் படுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இனி குதி பொருந்தும் இடம். அணையின் அடித்தளத்தில் நீர்ப்பக்க ஓரம் ஹீல், எதிர்ப்பக்க ஓரம் டோ (toe, கால்விரல்). மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவரிலும் மண்ணுக்கு அடியில் இருக்கும் பகுதி ஹீல், வெளியே நீண்டிருப்பது டோ. ஒரு பெரிய மூட்டை சரியாமல் முதுகால் முட்டுக்கொடுத்து நிற்கும் ஆளை நினைத்துப் பாருங்கள். குதிகால் மூட்டைப் பக்கம், விரல்கள் எதிர்ப்பக்கம். மூட்டை அதிகமாகத் தள்ளினால் என்ன ஆகும்? குதிகால் எழும்பும், பாரமெல்லாம் முன்பாதத்துக்குப் போகும், ஆள் நுனிக்காலில் நிற்பார், அப்புறம் குப்புற விழுவார். சுவர் கவிழ்வதும் அப்படியே, டோவைச் சுற்றித்தான். நீர் நிறைந்த அணையிலும் டோவில் அழுத்தம் கூடும், ஹீலில் குறையும். அளவு மீறினால் அங்கே இழுவிசை வந்து விரிசல் விடலாம். வேலை செய்யும் விதமே உவமைக்குள் இருப்பதால் இங்கே குதியை விடக்கூடாது. அணைக்குதி, சுவர்க்குதி.

கப்பல் தொட்டி விஷயத்தில் குதி என்பதில் எனக்கு உடன்பாடில்லை. திரவ எரிவாயுக் கப்பல்கள் சரக்கை இறக்கிய பிறகும், திரும்பும் வழியில் தொட்டி சூடேறாமலிருக்கக் கொஞ்சம் திரவத்தை விட்டுவைக்கும். அதுவும் ஹீல்தான். ஒருவர் 'மண்டி' என்றார். மண்டி கழிவு, இது வேண்டுமென்றே வைப்பது. 'அடியிருப்பு' என்றால் இருப்பு என்ற கணக்கும் வந்துவிடுகிறது.

மற்றவற்றுக்குச் சொல்லே ஆக்க வேண்டாம். மல்யுத்தக் காட்சியில் வரும் ஹீல் வில்லன். நாய்க்குச் சொல்லும் ஹீல் 'கூடவே வா'. ரொட்டியின் ஹீல் ஓரத்துண்டு.

மிச்சம் டோ. அணையின் நுனிக்கால் என்பதை 'அணைநுனி' என்று சுருக்கியிருந்தீர்கள். நுனி என்றதும் கண் மேலே, அணையின் உச்சிக்குப் போகிறது. இதுவோ தரையில் கிடக்கிறது. சுருக்காமல் 'நுனிக்கால்' என்றே வைத்துக்கொள்ளலாமா?