கான்செர்ட்டோ: ‘உறழிசை’ என்று சொல்லலாமா?

வணக்கமுங்க.

ஒரு தனி வாத்தியமும் பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசை வடிவம் கான்செர்ட்டோ. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம், இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘தனியிசைக் கோவை’க்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கு அது ஒப்பவில்லை. வயலின் கான்செர்ட்டோ என்றால் அந்தச் சொல்லில் வயலின் மட்டும்தான் இருக்கிறது. கூட உட்கார்ந்து வாசிக்கும் ஐம்பது அறுபது பேருக்கு அதில் இடமே இல்லை.

நான் முன்வைப்பது ‘உறழிசை’. கான்செர்ட்டோவுக்கு மூலமான வினைக்கு லத்தீனில் போட்டியிடுதல் என்று பொருள், இத்தாலிய மொழியில் இணங்கிப் போதல். இந்த இரண்டையும் சேர்த்துத் தாங்கும் சொல் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. உறழ்தல் என்றால் மாறுபடுவது, ஒத்திருப்பதும் அதுவே. தொல்காப்பியம் சொல்லும் உறழ்கலி, கூற்றும் மறுமொழியுமாக வளரும் பாட்டு. நன்னூலின் உவம உருபுகளில் போல, புரைய, ஒப்ப என்பவற்றை அடுத்து வருவது உறழ. பவணந்தியாரைப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டில் கொண்டாடுகிறோம். அவர் பட்டியலில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு வேறு எங்கே தேடுவது?

கோவையில் வயலின் சொல்லித்தருகிறேன். கர்நாடக முறையில் தேறிய பிள்ளைகள் கான்செர்ட்டோவுக்கு வரும்போது எது கைவருகிறது, எது முரண்டு பிடிக்கிறது என்பதைக் கவனித்தால் இரண்டு மரபுகளும் விளங்கிவிடும். 1959இல் ஷாங்காய் இசைக் கல்லூரி மாணவர்கள் இருவர் யூவே என்ற சீன இசை நாடக மெட்டுகளை வைத்து ‘பட்டாம்பூச்சிக் காதலர்கள்’ கான்செர்ட்டோவை அமைத்தார்கள். எர்ஹு என்ற சீன வில் வாத்தியத்தின் வழுக்கல்களை வயலினில் கொண்டுவந்த படைப்பு அது. நம் பிள்ளைகளுக்கு அது சட்டென்று வந்துவிடுகிறது. வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிப்பதால் இடக்கைக்குத் தாங்குகிற வேலை இல்லை, தந்தி நெடுக விரலை வழுக்கி ஜாரு பிடித்துப் பழகியிருக்கிறார்கள்.

மெண்டல்சனின் இ மைனர் கான்செர்ட்டோவில் அதே பிள்ளைகள் திணறுவார்கள். 1845இல் லைப்சிக்கில் அரங்கேறியது அது. குழு ஒதுங்கி வயலின் மட்டும் வாசிக்கும் காடென்ஸா வழக்கமாக முதல் பகுதியின் கடைசியில்தான் வரும். மெண்டல்சன் அதை நடுவுக்கு இழுத்து, சுரம் சுரமாகத் தாமே எழுதியும் வைத்தார். அதன் முடிவில் வில் நான்கு தந்திகளின் மேலும் துள்ளித் துள்ளி ஓடவேண்டும். நம் வாசிப்பில் வில் தந்தியை விட்டு எழுவதே அபூர்வம் என்பதால் இதற்கு மாதக்கணக்கில் பிடிக்கும். அந்த ஓட்டம் நிற்பதற்குள் குழு முதல் மெட்டை எடுத்துவிடும், அதுவரை முன்னால் நின்ற வயலின் அந்த நொடியில் பக்கவாத்தியமாகிவிடும். இந்தக் கைமாற்றம் இருப்பதால்தான் உறழ் வேண்டும் என்கிறேன்.

---

மறுமொழி, ஈரோட்டிலிருந்து:

அண்ணா, பொருள் பொருத்தம்தான். ஆனால் உறழ் என்ற சொல் இலக்கணம் படித்தவர்களைத் தாண்டி யாருக்குத் தெரியும்? அண்ணமார் கதையில் உடுக்கை பிடித்தவர் ஓர் அடி பாட, பின்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுகிறாரே, அதை வைத்து எளிமையாக ‘எதிரிசை’ என்று சொல்லக் கூடாதா? அப்புறம், காடென்ஸாவுக்கு என்ன சொல்?

---

தங்கச்சி, எதிரிசை என்றால் எதிரொலி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உடுக்கடிக் கதையில் கடைசி வரை கதையை நடத்துபவர் உடுக்கை பிடித்தவர்தான், பின்பாட்டு முன்னால் வருவதில்லை. உறழ் பழக்கமில்லாத சொல் என்பது சரி. பாடவேளையில் நாலு தடவை சொன்னால் பழகிவிடும்.

காடென்ஸாவுக்குக் கச்சேரியில் புழங்கும் ‘தனி’யே போதும். தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மோரா, கோர்வை என்ற முடிவுக் கணக்குகளைக் கேட்டதும் பாடகர் பாட்டை மறுபடி எடுக்கத் தயாராகிறார். கான்செர்ட்டோவிலும் வயலின் ஒரு நீண்ட ட்ரில்லில், அதாவது அடுத்தடுத்த இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பதில், நின்றால் குழு உள்ளே வரப்போகிறது என்று அர்த்தம். பேத்தோவன் தம் 1806ஆம் ஆண்டு வயலின் கான்செர்ட்டோவில் தனியை எழுதவே இல்லை, வாசிப்பவரிடம் விட்டுவிட்டார். இன்று பலரும் வாசிப்பது வயலின் கலைஞர் க்ரைஸ்லர் எழுதியதை. தாளவாத்தியத் தனியோடு குழம்பும் என்று தோன்றினால் ‘உறழிசைத் தனி’ என்று முழுதாகச் சொல்லலாம்.

வயலினுக்கும் செல்லோவுக்குமாக 1887இல் பிராம்ஸ் எழுதியது அப்படியானால் ‘இரட்டை உறழிசை’. உறழிசை, உறழிசைத் தனி, இரட்டை உறழிசை மூன்றையும் பட்டியலில் ஏற்றலாமா? மாற்றுச் சொல் இருப்பவர்கள் ஒரு வாக்கியத்தில் வைத்துக் காட்டி எழுதுங்கள்.