‘பெர்மனென்ட் செட்’டுக்குத் தமிழ்ச் சொல்: வளைந்த டிரெய்லர் அச்சை முன்வைத்து

மடல் 1

வணக்கம். அமெரிக்காவிலும் கனடாவிலும் காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் ஒற்றை அச்சு டிரெய்லருக்குத் தமிழில் பழுதுபார்ப்புக் குறிப்பு எழுதுகையில் ஒரு சொல்லில் வேலை நிற்கிறது. பாரம் ஏற்றினால் பட்டை (அச்சின் மேல் பாரத்தைத் தாங்கும் எஃகுத் தகட்டு வில், ‘லீஃப் ஸ்பிரிங்’) தணியும், இறக்கினால் எழும்பும். அளவு மீறி ஏற்றிவிட்டால் இறக்கிய பிறகும் முழுதாக எழும்பாது. அந்தக் குறைதான் ‘பெர்மனென்ட் செட்’. ‘நிலைத்திரிபு’ எனலாமா?

அளவு மீறுவது மிக எளிது. இந்த டிரெய்லர்களில் பரவலாக இருப்பது 3,500 பவுண்டு, அதாவது 1,588 கிலோ தாங்கும் அச்சு. டிரெய்லரின் சொந்த எடையும் இதற்குள்தான். 5க்கு 8 அடித் தட்டில் ஈர மணலை ஓர் அடி உயரம் பரப்பினால் 40 கன அடி. அந்த மணல் மட்டுமே 2 டன்னைத் தாண்டும்.

மடல் 2

> ‘நிலைத்திரிபு’ எனலாமா?

வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘திரிபு’ என்பது நீள மாற்றத்துக்கும் தொடக்க நீளத்துக்கும் உள்ள தகவு. அதற்கு அலகு கிடையாது. (இலங்கையில் அதையே ‘விகாரம்’ என்பார்கள்.) நமக்கு வேண்டியது மில்லிமீட்டரில் அளக்கும் ஒன்று. மேலும் ‘நிலைமின்னியல்’ படித்தவருக்கு ‘நிலை’ என்றதும் அசையாதது என்றே தோன்றும். ‘மீளாவளைவு’ எப்படி? மீட்சி எல்லையைத் தாண்டியது என்ற பொருளும் உள்ளே வந்துவிடுகிறது.

அச்சுக்கு இது கச்சிதம். இந்த அச்சுகள் பெரும்பாலும் நடுப்பகுதி சற்றே மேலெழும்பிய வளைவோடு வருகின்றன. உரிய பாரத்தில் நேராகும்படி கணக்கு. அதிகப் பாரம் நடுவைக் கீழே இறக்கிவிட்டால் சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாயும், டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். வெற்று டிரெய்லரைச் சேஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அச்சுக் குழாயின் அடியில் நுனிக்கு நுனி நூல் பிடித்தால் தெரிந்துவிடும். நடுவில் குழாய் நூலை அழுத்தினால் அச்சு போய்விட்டது.

மடல் 3

> ‘மீளாவளைவு’ எப்படி?

அச்சுக்குப் பொருந்தும், பட்டைக்குத் தலைகீழாகிவிடும். பட்டை பிறக்கும்போதே வில் போல் வளைந்தது. பாரம் அந்த வளைவைத்தான் தின்கிறது. வளைவு குறைந்ததை ‘மீளாவளைவு’ என்று எழுதினால் படிப்பவர் எதை அளப்பார்? பட்டையின் இரு நுனியிலும் உள்ள வளையங்களுக்கு (‘கண்’) இடையே நூல் கட்டி, நூலிலிருந்து மெயின் பிளேட்டுக்கு (கண்கள் உள்ள நீளத் தகடு) உள்ள உயரத்தை அதே எண்ணுள்ள புதுப் பட்டையின் உயரத்திலிருந்து கழித்தால் வருவதுதான் அவர் தேடும் அளவு.

பட்டையை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டில் வளைவே இல்லை, நீட்சி. நட்டைக் கழற்றிவிட்டு விரலால் திரும்ப ஏற்றிப் பாருங்கள். சுத்தமான மரையிலும் பாதியில் இறுகினால் போல்ட் இழுபட்டு மரைகளின் இடைவெளி மாறியிருக்கிறது. எப்படியும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. நான்கும் புதிது, பாரத்தோடு முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி முறுக்க வேண்டும். பட்டையின் நுனியைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிளின் துளை நீள்வட்டமாவதும் இதே இனம்தான்.

பட்டறையில் ‘பட்டை உட்கார்ந்துவிட்டது’ என்கிறார்கள். பாரம் போன பின்னும் தங்கிவிட்ட மாற்றம் என்பதே இவை எல்லாவற்றுக்கும் பொது. எனவே ‘தங்கு’ என்பதை முன்னால் வைக்கலாம்: பட்டைக்குத் தங்குதணிவு, அச்சுக்குத் தங்குவளைவு, போல்ட்டுக்குத் தங்குநீட்சி, பொதுவாகத் தங்குமாற்றம். வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது.

மடல் 4

‘தங்குதணிவு’ என்றதும் பொருள் விளங்குகிறது, ‘மீளாவளைவை’ விட்டுவிடலாம். தனியாகத் ‘தங்கல்’ என்று மட்டும் சுருக்க வேண்டாம், விடுதி நினைவு வரும்.

ஒரு வேண்டுகோள். தங்குதணிவு கண்ட பட்டையைக் கேஸில் காய்ச்சி அடித்து வளைப்பதைப் பழுதுபார்ப்பாக எழுதிவிடாதீர்கள். எஃகின் பதம் போய்விடும். மறுபடி எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றாவிட்டால் விரைவிலேயே அதே இடத்தில் உட்காரும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் தட்டு சாயும், ஜோடியாகவே மாற்ற வேண்டும். 3,500 பவுண்டு அச்சுக்கு 1,750 பவுண்டு பட்டை இரண்டு. கூடுதல் பிளேட் செருகுவது இன்னும் தவறு: பட்டை தணியாது, அந்தச் சுமையை 2⅜ அங்குலக் குழாய் வாங்கி வளையும்.

அச்சில் தங்குவளைவு சிறிதானால் பிரஸ்ஸில், சூடாக்காமல் நிமிர்த்தலாம். பட்டை உட்காரும் இடத்தில் குழாய் நசுங்கியிருந்தாலோ வெல்டு ஓரத்தில் கீறல் இருந்தாலோ அச்சையே மாற்ற வேண்டும். புது அச்சில் பட்டை இருக்கையைப் பற்றவைக்கும்போது முன்பக்கமும் பின்பக்கமும் மட்டுமே. குழாயின் மேலும் அடியிலும் குறுக்காக வெல்டு ஓடினால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

விரிசலைத் தங்குமாற்றத்தோடு சேர்க்காமல் தனிப் பதிவாக வையுங்கள். சேஸில் ஹேங்கர் (பட்டையை மாட்டும் தாங்கி) ஓரம் விட்ட கீறலின் நுனியில் துளையிட்டு, ‘வி’ வடிவில் தேய்த்து, உலர்ந்த 7018 வெல்டிங் ராடால் பற்றவைக்கும் முறை அங்கே வரட்டும்.