பொறி வருகிறது, பெட்ரோல் ஏறவில்லை: சங்கிலி ரம்பத்துக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே. பினாங்கு பாலேக் பூலாவில் அப்பாவின் டுரியான் தோட்டத்தில் முறிந்த கிளை ஒன்று ஒரு வாரமாகப் பாதையை மறித்துக் கிடக்கிறது. ரம்பமோ கிளம்ப மாட்டேன் என்கிறது.

மூன்று மாதம் பெட்ரோலோடு கொட்டகையில் போட்டு வைத்திருந்தேன்; தவறு என்னுடையதுதான். பழையதைக் கொட்டிவிட்டு, லிட்டருக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்து புதிதாக ஊற்றினேன். தொட்டிக்குள் இருக்கும் வடிகட்டியையும் மாற்றினேன். சோக் போட்டு இருபது முறை கயிற்றை இழுத்ததில் தோள்வலிதான் மிச்சம். பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சருகாய்க் காய்ந்திருக்கிறது. ஆனால் நீலப்பொறி நன்றாகவே வருகிறது. பிளக் துளையில் சில துளி பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி இழுத்தேன். இரண்டு நொடி உறுமிவிட்டு அடங்கிப்போனது.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு விறைத்துப்போயிருக்குமா, பெட்ரோல் குழாயில் விரிசலா? எதை முதலில் பிரிப்பது? கடைக்காரர் புதிதாக வாங்கச் சொல்கிறார், அவருக்கென்ன! சவ்வு மட்டும் ஜார்ஜ் டவுனில் தனியாகக் கிடைக்குமா? பழம் விழத் தொடங்குவதற்குள் பாதையைத் திறந்தாக வேண்டும்.