ஜெர்மனியில் முதுநிலை முடித்தேன்: ஊர்ப்பக்கம் ரப்பர் துறையில் வேலை தேட வழி சொல்லுங்கள்

வணக்கம். என் ஊர் குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். ஜெர்மனியில் பாலிமர் அறிவியலில் (ரப்பர், பிளாஸ்டிக் போன்ற பொருள்களைப் பற்றிய படிப்பு) முதுநிலைப் படிப்பைப் போன மாதம் முடித்தேன். அடுத்து என்ன என்பதில் சிக்கி நிற்கிறேன்.

படிப்பு முடித்தவர்கள் வேலை தேட இங்கே 18 மாதம் வரை தங்க அனுமதி உண்டு. அது கையில் இருக்கிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டு வெளியே இருந்தால் பொதுவாக அது காலாவதியாகிவிடும். ஊருக்கு வந்து நிதானமாகத் தேடலாம் என்றால் இதுதான் தடுக்கிறது.

அப்பாவுக்கு முழங்கால் வலி; விடியுமுன் சரிவில் ஏறி ரப்பர் மரங்களில் பால்வெட்ட முடியவில்லை. அம்மாதான் பாலில் ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் இழுத்து ரப்பர் ஷீட் அடிக்கிறார். அந்த ஷீட்டைப் பார்த்து வளர்ந்ததால்தான் இந்தப் படிப்பையே எடுத்தேன். ஊரோடு இருக்கத்தான் ஆசை.

இங்கே டயர், குழாய் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தேன். என் ஜெர்மன் மொழித் தேர்ச்சி பி1 நிலை, அதற்கு அடுத்த நிலையான பி2 கேட்கிறார்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதி ரப்பர் தொழிற்கூடங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பதிலே இல்லை. கோட்டயத்தில் உள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவிப்புகளையும் தொடர்ந்து பார்க்கிறேன். என் தகுதிக்கு ஏற்றது இன்னும் வரவில்லை. கல்விக்கடன் தவணை அடுத்த ஆண்டு தொடங்கிவிடும்.

வெளிநாட்டில் படித்துவிட்டுக் குமரியிலோ திருவனந்தபுரம், கோட்டயம் பக்கமோ ரப்பர் துறையில் சேர்ந்தவர்களே, முதல் வேலைக்கு யாரை, எப்படி அணுகினீர்கள்?