சாலிகிராமம் போக நேபாளம் வழி

குழு: பெரம்பூர் குடும்பம்

நவம்பர் 2

அண்ணன் (காலை 9:14): எல்லோருக்கும் ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன். நாளை வண்டியை சென்ட்ரலில் பார்சல் போடுகிறோம். 5-ந்தேதி நானும் ரேவதியும் ரயிலில் நியூ ஜல்பைகுரி. அங்கிருந்து வண்டியில் பூட்டான், திரும்பி வந்து நேபாளம்.

ராணி அத்தை: ரயிலில் போவதற்குப் பெயர் பைக் பயணமா?

அண்ணன்: சிலிகுரி வரைக்குமே 2,200 கிலோமீட்டருக்கு மேல், அத்தை. இருப்பது மூன்று வாரம் லீவு. ஆந்திராவையும் ஒடிசாவையும் பார்த்தே பாதி தீர்ந்துவிடும்.

அப்பா: பார்சல் ஆபீஸில் டேங்கைக் காலி செய்யச் சொல்வார்கள். அதற்காக வீட்டிலேயே காலி செய்துவிடாதே, சென்ட்ரல் வரை தள்ளிக்கொண்டா போவாய்? ஒரு கேன் எடுத்துப் போ. ஆர்.சி. நகல் இரண்டு.

சேகர் மாமா: கிளட்ச் கேபிள் புதிதாக ஒன்று வாங்கு. வாங்கிப் பையில் போடாதே. ஓடுகிற கேபிளோடு ஒட்டியே, ஹேண்டில் பாரிலிருந்து கீழே வரைக்கும் இழுத்துக் கட்டி வை. மலையில் அறுந்தால் டேங்கைக் கழற்ற வேண்டாம், இரண்டு முனையை மாற்றி மாட்டினால் வண்டி கிளம்பிவிடும். சாயங்காலம் புதுப்பேட்டைக்கு வா, நானே கட்டித் தருகிறேன்.

அம்மா: நேபாளத்தில் சாளக்கிராமம் போகிறீர்கள்தானே?

கவிதா: சாலிகிராமமா? அதற்கு எதற்கு நேபாளம்? வடபழனியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் போதுமே.

அம்மா: வாயை மூடு. 108 திவ்ய தேசத்தில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய தலம். முக்திநாத் என்று அங்கே சொல்வார்கள்.

அண்ணன்: பொக்காரா வரைக்கும்தான் திட்டம், அம்மா. முக்திநாத் 3,700 மீட்டர் உயரம். வழியில் பல இடத்தில் ரோடு கல்லும் மண்ணும்தான்.

அம்மா: சரி.

கவிதா: அம்மா 'சரி'க்குப் பிறகு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். அண்ணா, நீ முக்திநாத் போகிறாய்.

அப்பா (காலை 10:02): முக்கியமானது. ஆதார் அட்டை இரண்டு நாட்டிலும் செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். வண்டி இன்சூரன்ஸில் நேபாளம், பூட்டான் இரண்டையும் சேர்த்து எண்டார்ஸ்மென்ட் வாங்கினாயா? அப்புறம், எல்லையில் வாங்கும் ஒவ்வொரு சீட்டையும் வாங்கிய இடத்திலேயே படம் எடுத்து இந்தக் குழுவில் போட வேண்டும்.

அண்ணி: குழுவிலா, மாமா? உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேனே.

அப்பா: என் போன் தொலைந்தால்?

கவிதா: பாட்டி வாய்ஸ் மெசேஜ் போடத் தெரியாமல் என் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். சொல்லச் சொல்ல அடிக்கிறேன். "அவ்வளவு தூரம் போகிற பிள்ளை, அப்படியே பர்மாவையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாமே? மணிப்பூரில் மோரே என்று ஒரு ஊர். பர்மாவிலிருந்து வந்த நம் ஆட்கள் அங்கே சங்கம் வைத்து, கோயிலும் கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் தமு. ரங்கூனுக்கு அங்கிருந்து வழி கேட்டுப் போகலாம்."

அண்ணன்: பாட்டி, அங்கே 2021-ல் மறுபடியும் ராணுவ ஆட்சி வந்துவிட்டது. சண்டை ஓயவில்லை. இப்போது அந்த வழியாக வண்டியில் போக முடியாது.

சேகர் மாமா: போனாலும் கஷ்டம். பூட்டான், நேபாளம் எல்லாம் நம்மைப் போல இடது பக்கம். பர்மாவில் 1970-லிருந்து வலது பக்கம்.

கவிதா: "நான் இருந்தபோது இடது பக்கம்தான் போனார்கள்" என்கிறார் பாட்டி. மாமா சொன்னதில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

ராணி அத்தை: இலங்கைதானே பக்கம்? நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் காங்கேசன்துறை.

அண்ணன்: அந்தக் கப்பலில் ஆட்களை மட்டும்தான் ஏற்றுகிறார்கள், அத்தை. வங்கதேசத்துக்கு வண்டியோடு போகலாம், ஆனால் கார்னே என்று ஒரு ஆவணம் வாங்கி, அதற்குப் பிணையும் கட்ட வேண்டும். நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் அது வேண்டாம், விசாவும் வேண்டாம். அதனால்தான் இந்த இரண்டும்.

நவம்பர் 8

அண்ணி (பகல் 12:40): ஜெய்கானிலிருந்து பூட்டான் கேட் தாண்டி பூன்ட்ஷோலிங் வந்துவிட்டோம். ஜெய்கான் பக்கம் ஹாரன் சத்தத்தில் பேச முடியவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் போனதும் இவர் ஹாரனிலிருந்து கட்டை விரலை எடுத்துவிட்டார். யாரும் சொல்லவில்லை, தானாகவே.

அண்ணி: (படம்) (படம்) (படம்) மாமா, ஆள் பெர்மிட், வண்டி பெர்மிட், பணம் கட்டிய ரசீது.

அப்பா: மூன்றாவது படத்தில் விரல் மறைக்கிறது. மறுபடி எடு.

ராணி அத்தை: என்ன ரசீது அது, 12,000?

அண்ணன்: இந்தியர்களுக்கு ஆளுக்கு ஒரு இரவுக்கு 1,200 வீதம் அரசுக்குக் கட்ட வேண்டும், அத்தை. ஐந்து இரவு, இரண்டு பேர்.

ராணி அத்தை: ரூமுக்கா?

அண்ணன்: ரூமுக்குத் தனி. இது நாட்டுக்குள் இருப்பதற்கு.

ராணி அத்தை: இருப்பதற்கா!

அம்மா: பெரம்பூரில் இருக்க நமக்கு யாராவது கொடுக்கலாம்.

நவம்பர் 10

அண்ணன் (காலை 8:20): (படம்) திம்பு. தலைநகரில் ஒரு சிக்னல் விளக்கு கூடக் கிடையாது. நாற்சந்தி நடுவில் சின்ன மண்டபம் மாதிரி ஒரு கூண்டு, அதில் வெள்ளைக் கையுறை போட்ட போலீஸ்காரர். கையை ஏதோ பரதநாட்டியம் போல ஆட்டுகிறார், வண்டிகள் நிற்கின்றன.

அப்பா: பூன்ட்ஷோலிங்கிலிருந்து திம்புவுக்கு நீ வந்த ரோடு நம் நாட்டு எல்லைச் சாலை அமைப்பினர் போட்டது. 1961-ல் 'தந்தக்' என்ற திட்டத்துக்காகப் போனவர்கள்.

அண்ணன்: வழி முழுக்க போர்டு பார்த்தோம், அப்பா.

அண்ணன் (பகல் 2:15): (படம்) தோச்சுலா கணவாய், 3,100 மீட்டர். 108 ஸ்தூபிகள்.

அம்மா: நில்லு. வண்டியை யார் ஓட்டுவது அந்தப் படத்தில்?

ராணி அத்தை: முன்னால் இருப்பது ரேவதி மாதிரி இருக்கிறது. பின்னால் போன் பிடித்துக்கொண்டிருப்பது யார்?

அண்ணன்: நான்தான்.

கவிதா: அண்ணி!!!

அண்ணி: இறக்கத்தில் நான், ஏற்றத்தில் அவர். அவருக்கு இறக்கத்தில் பிரேக்கை விட மனசு வருவதில்லை, லைனிங் தீயும் வாசனை வருகிறது. என்ஜின் பிரேக்கில் இறங்கச் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார்.

சேகர் மாமா: பெண் சொல்வதுதான் சரி. இரண்டாவது கியரில் இறங்கு. கேபிள் அறுந்ததா?

அண்ணன்: இல்லை மாமா.

அம்மா: ரேவதி, ஹெல்மெட் பெல்ட் போட்டிருக்கிறாயா?

அண்ணி: போட்டிருக்கிறேன், அத்தை. இங்கே மிளகாயை மசாலாவாகப் போடுவதில்லை, காய்கறியாகவே சமைக்கிறார்கள். பச்சை மிளகாயும் பாலாடைக்கட்டியும், ஏமா தாட்சி என்று பெயர். உங்கள் பிள்ளை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வெறும் சாதம் கேட்டார்.

நவம்பர் 14

அண்ணன் (காலை 11:05): (படம்) மேச்சி ஆற்றுப் பாலம் தாண்டி காக்கர்பிட்டா. நேபாளம். இது பன்சார் சீட்டு, அதாவது சுங்கச் சீட்டு. வண்டிக்கு எத்தனை நாள் என்று சொல்லி, நாள் கணக்கில் கட்ட வேண்டும். வெளியே போகும்போது காட்ட வேண்டும், வழியில் போலீஸும் கேட்பார்கள்.

அப்பா: பத்து நாள் போட்டிருக்கிறாய். நல்லது. சீட்டை பிளாஸ்டிக் கவரில் போடு.

அண்ணன்: சரி அப்பா.

அம்மா: இப்போது அங்கே மணி என்ன? பூட்டானில் அரை மணி முன்னால் என்று கணக்கு வைத்திருந்தேன்.

கவிதா: நேபாளத்தில் கால் மணி முன்னால். 15 நிமிடம்.

அம்மா: கால் மணியா? எதற்கு இந்தக் கஞ்சத்தனம்?

நவம்பர் 17

அண்ணி: காத்மாண்டு. கோசி அணை மேலேயே ரோடு, 56 மதகு, எண்ணிக்கொண்டே வந்தேன். அத்தை, பசுபதிநாதர் தரிசனம் ஆயிற்று. கருவறைப் பூசாரிகள் கர்நாடகத்திலிருந்து வந்தவர்களாம். ஊரைப் பற்றி வந்து சொல்கிறேன், தூக்கம் வருகிறது.

நவம்பர் 20

அண்ணன் (பகல் 1:30): (படம்) அம்மா, முக்திநாத். போதுமா?

அம்மா: பெருமாளே. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். 108 தாரையிலும் நனைந்தாயா?

அண்ணன்: கோமுகம் போல பித்தளை வாய்கள், அரை வட்டமாக மூன்று பக்கமும். பனிக்கட்டி உருகிய தண்ணீர். முதல் நாலு பரவாயில்லை. பத்தாவதில் தலை வலி. நாற்பதுக்கு மேல் தலை இருப்பதே தெரியவில்லை. ஓடிக்கொண்டே நனைந்தேன்.

அம்மா: ஓடக் கூடாது. ரேவதி?

அண்ணி: நான் மூன்று தாரையில் கை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டேன், அத்தை. தீர்த்தம் பிடித்துவிட்டேன்.

கவிதா: பேன்ட்டோடு குளித்திருக்கிறானே.

அண்ணன்: குளிரில் வேறு எதைக் கழற்றச் சொல்கிறாய்?

அண்ணன் (பகல் 2:10): ஒரு சின்ன விஷயம்.

அண்ணன்: பன்சார் சீட்டு அந்த பேன்ட் பாக்கெட்டில் இருந்தது.

அப்பா: பிளாஸ்டிக் கவர்?

அண்ணன்: கவர் டேங்க் பையில் இருக்கிறது.

அண்ணி: (படம்) கூழாக இருக்கிறது, மாமா. லாட்ஜில் துண்டுக்கு நடுவில் வைத்து அயர்ன் பண்ணிப் பார்த்தோம். தேதி மட்டும் பாதி தெரிகிறது.

அம்மா: 108 தாரையில் நனைந்த சீட்டு. தூக்கிப் போடாதே.

நவம்பர் 23

அண்ணி (மாலை 4:50): சுனௌலி தாண்டிவிட்டோம், இந்தியாவில் இருக்கிறோம். எல்லையில் கூழைப் பார்த்ததும் அதிகாரி ஒன்றும் பேசாமல் எங்களை உட்காரச் சொன்னார். குழுவில் 14-ந்தேதிக்கு விரலால் தள்ளித் தள்ளிப் போனேன். நடுவில் ராணி அத்தையின் காலை வணக்கம் ரோஜாப் பூ ஒன்பது. படம் கிடைத்தது, நம்பர் தெளிவாக இருந்தது. அதை வைத்துக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்தார். ஒரு மணி நேரம். விட்டுவிட்டார்.

அப்பா: சரி.

கவிதா: இந்தச் 'சரி' வேறு.

சேகர் மாமா: கேபிள்?

அண்ணன்: அறுந்து போகவில்லை மாமா. பஞ்சர் கூட இல்லை.

சேகர் மாமா: ஒன்றுமே ஆகவில்லையா?

கவிதா (மாலை 5:20): பாட்டி பேசுகிறார், அடிக்கிறேன். "சீட்டு போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பர்மாவில் 1964 மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் அப்பாவிடம் இருந்தது எல்லாம் அதுதான். அந்த வருஷமே கப்பல். எனக்கு 9 வயது. துறைமுகத்தில் அம்மா காதுத் தோட்டைக் கூடக் கழற்றச் சொன்னார்கள். அப்பா கையில் கடைசியாக இருந்தது குடும்பப் பேர் எழுதிய அந்த ஒரு தாள். மெட்ராஸில் இறங்கி அதைக் காட்டித்தான் வியாசர்பாடியில் இடம் கிடைத்தது. மழைக்கு அதைச் சட்டைக்குள் வைத்துத் தூங்குவார்."

அண்ணி: அந்தத் தாள் இருக்கிறதா, பாட்டி?

அப்பா (மாலை 5:48): (படம்)

அப்பா: பீரோவில் இருந்தது. தாத்தா போனபோது நான் எடுத்து வைத்தேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, பெயர்கள் படிக்கும்படி இருக்கின்றன. குழுவிலும் இருக்கட்டும்.

ராணி அத்தை: மூலையில் இருக்கும் போட்டோவில் ரெட்டை ஜடை அம்மாவா?

கவிதா: போனைப் பெரிதாக்கிக் காட்டினேன். "ஒரு பக்கம் ரிப்பன் இல்லை பார், காற்றில் போய்விட்டது" என்கிறார்.

அம்மா: ரேவதி, தீர்த்த பாட்டில் மூடி இறுக்கமாக இருக்கிறதா?