அடிச்சவனுக்கு வகுப்பு, அடி வாங்கினவளுக்கு என்ன?

கேள்வி: கோர்ட் அனுப்புற கவுன்சிலிங் வகுப்புக்குப் போனா வீட்டுல அடிக்கிறவன் நெஜமாவே திருந்துவானா, இல்ல ஜெயிலுக்குப் பதிலா கையெழுத்துப் போட்டுத் தப்பிக்கிற வழியா?

பதில் 1: கோபத்த அடக்கச் சொல்லித் தந்தா மட்டும் பத்தாதுங்க. மேனேஜர் திட்டுனா பல்லக் கடிச்சுட்டு நிக்கிறவன் வீட்டுல மட்டும் கை நீட்டுறான்னா அது அதிகாரம். 1980கள்ல அமெரிக்காவுல டூலுத் நகரத்துல அடிக்கிறவங்களுக்குன்னு வந்த வகுப்பு மாடல் இதத்தான் மையமா வச்சுது, காசு தராம வைக்கிறது, பிள்ளைங்கள வச்சு மிரட்டுறது எல்லாமே அதுல பேசுவாங்க.

பதில் 2: சரிதான், ஆனா வகுப்பு தனியா நடந்தா பிரயோஜனம் இல்ல. அவன் வரலன்னா கோர்ட்டுக்கு உடனே தகவல் போகணும், அடி வாங்கினவகிட்ட தனியா பேசி பாதுகாப்பா இருக்காளான்னு கேக்கணும். மன்னிச்சிடுன்னு அவள யாரும் நெருக்கவே கூடாது.

கேட்டவர்: அவகிட்ட கேக்கணும்ங்கறது எனக்குத் தோணவே இல்லங்க, நன்றி.