ஃபிஜி போனவங்க உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

வேலை விஷயமா ஒரு வாரம் போயிருந்தேன். டிக்கெட்ல இருந்த இங்கிலீஷ் எழுத்தப் பாத்து நாடி நாடின்னு சொல்லிட்டே ஏர்போர்ட்ல இறங்கினா டாக்சிக்காரர் சிரிக்கிறார், அது நாண்டியாம். அவங்க எழுத்துல 'டி' போட்டா முன்னாடி ஒரு 'ண்' தானா ஒட்டிக்கும். இது தெரியாம ரெண்டு நாள் நான் சொன்ன ஊர்ப் பேர் ஒண்ணுகூட யாருக்கும் புரியல.

எந்த ஊர்னு கேட்டார், சென்னைன்னேன். 'நானும் மெட்ராசிதான்'னு இந்தியில சொல்றார்! லைசென்ஸ எடுத்துக் காட்றார், கடைசிப் பேர் கவுண்டர். தாத்தா ஆற்காடு பக்கமாம். அங்க முதல் கப்பல் 1879ல கல்கத்தாவுல இருந்து வந்துச்சு, நம்ம மெட்ராஸ்ல இருந்து 1903லதான் ஆரம்பிச்சது, 1916 வரைக்கும் மொத்தம் 60,000 பேருக்கு மேல கரும்பு வெட்டக் கொண்டு போயிருக்காங்க. அஞ்சு வருஷ அக்ரிமெண்ட், அந்த வார்த்தைதான் நாக்குல உருண்டு உருண்டு கிர்மிட் ஆயிடுச்சு. தோட்டத்துல இந்தி பேசினாத்தான் பொழப்பு ஓடும், அப்படியே தமிழ் கழண்டு போச்சு. இவரோட அப்பா அம்மா சண்டை போடறப்ப மட்டும் தமிழ்ல பேசுவாங்களாம், அதனால இவருக்குத் தெரிஞ்ச நாலு தமிழ் வார்த்தையில ரெண்டு இங்க எழுத முடியாது 😄

சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டார். சுத்தி கரும்பு, ஆனா நிலம் அவர் பேர்ல இல்ல, 30 வருஷ குத்தகை, பூர்வகுடி மக்களோட குல நிலத்த விக்கவே முடியாது. நிலத்துக்கார குடும்பத்து ஆள் ஒருத்தரும் பாயில உக்காந்திருந்தார், ரெண்டு பேரும் மாமன் மச்சான் மாதிரி கிண்டல் பண்ணிக்கிறாங்க, அதுவும் ஃபிஜி இந்தியில. குத்தகை முடிய எத்தன வருஷம் இருக்குன்னு கேட்டேன், சட்டுனு பேச்சு நின்னுச்சு. கேட்டிருக்கக் கூடாது.

அப்புறம் நங்கோனா. ஒரு செடியோட வேர இடிச்சு, துணியில கட்டி தண்ணியில பிசைஞ்சு, கொட்டாங்குச்சியில தருவாங்க. ஒரு தடவ கைதட்டி, 'புலா'ன்னு சொல்லி ஒரே மூச்சுல குடிக்கணும், அப்புறம் மூணு தட்டு. சேத்துத் தண்ணி மாதிரிதான் இருந்துச்சு. ரெண்டாவது கொட்டாங்குச்சியில நாக்கு மரத்துப் போச்சு, பல் டாக்டர் ஊசி போட்டாப்ல.

---

அண்ணே நான் சுவாவுல ஒரு வருஷம் இருந்தேன். அங்க மாரியம்மன் கோயில்ல தீமிதி பாத்தேன், மஞ்சத் துணி, வேப்பிலை எல்லாம் நம்ம ஊரேதான். அதவிட ஆச்சரியம், பக்கத்துல பெங்கா தீவுல பூர்வகுடி ஆளுங்களும் தீ மிதிப்பாங்க, ஆனா தணல் இல்ல, சுட்ட கல்லு மேல. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது, அது அவங்க சொந்த வழக்கம். நான் கல்ல கிட்டப் போய்ப் பாக்கலாம்னு போனேன், பத்தடி முன்னாடியே மூஞ்சி காஞ்சு திரும்பிட்டேன்.

---

அந்த நாலு வார்த்தையில மிச்ச ரெண்டு என்னண்ணே?

---

சோறு, தண்ணி.